ஏஎன்எம் முடித்தவருக்கு அடுத்து எது: ஜிஎன்எம்மா, பிஎஸ்சியா?

சென்னை நர்சிங் நண்பர்களே, வணக்கம். நர்சிங் கவுன்சிலில் ஏஎன்எம் (துணை செவிலியர், மகப்பேறு உதவியாளர் படிப்பு) பதிவு வைத்திருக்கும் தங்கை ஒருவருக்காகக் கேட்கிறேன். ப்ளஸ் டூவில் அறிவியல் பிரிவு, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்தவர். ஸ்டாஃப் நர்ஸ் ஆக வேண்டும்.

ஜிஎன்எம் (பொது செவிலியர் டிப்ளமா) 3 வருடம், பிறகு அதை முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பிஎஸ்சி 2 வருடம் என்றால் மொத்தம் 5. நேரடி பிஎஸ்சி நர்சிங் 4 வருடம்தான். பாடங்களில் 45 சதவீதம் இருந்தால் பிஎஸ்சியே மேல் என்பது என் எண்ணம். ஆனால் ஜிஎன்எம் முடித்தாலே பதிவு பெற்ற நர்ஸாக வேலைக்குப் போய்விடலாம். வீட்டு நிலைமைக்கு அந்த ஒரு வருடம் பெரிது.

எதில் சேர்ந்தாலும் முழுநேரப் படிப்பு. நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே படித்தால் முதலில் அடிபடுவது வருகைப்பதிவு. ஜிஎன்எம்மில் தியரிக்கு 80 சதவீதம் வேண்டும். விட்டுப்போன வார்டு போஸ்டிங்கை (மருத்துவமனைப் பயிற்சி நாட்களை) முழுசாக முடித்தால்தான் டிப்ளமா கைக்கு வரும். ஒரு வருட 'நர்சிங் அசிஸ்டென்ட்' சான்றிதழை நம்பிப் பணம் கட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், அதை வைத்து நர்ஸாகப் பதிய முடியாது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: தாம்பரம், பூந்தமல்லி பக்கம் ஹாஸ்டலோடு, சொந்த மருத்துவமனை உள்ள கல்லூரி எது? மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும், ஏஎன்எம் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. சேர்க்கைக்கு முன் எதைத் திருத்துவது சுலபம்?