மிளகு வந்த வாரம்: ‘கரிசல் வீடு’ குழுவில்

*சனிக்கிழமை*

கார்த்தி: (புகைப்படம்) இவன்தான் மிளகு. பத்து வார நாய்க்குட்டி. அப்பன் பெட்லிங்டன் டெரியர், தாய் விப்பெட் என்ற ஓட்ட நாய். இப்படி ஓட்ட நாயோடு வேறு சாதி கலந்தால் இங்கே இங்கிலாந்தில் லர்ச்சர் என்பார்கள்.

அம்மா: விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருக்கிறதே! காசு கொடுத்தா வாங்கினாய்?

பெரியப்பா: ஓடுகிற சாதி அப்படித்தான் இருக்கும் சாரதா. நம் கன்னி நாயும் சிப்பிப்பாறையும் எந்தக் காலத்தில் கொழுத்திருந்தன? என் கருப்பியைப் பார்த்து இன்னும் தெருவில் கேட்கிறார்கள், சோறு போடுவதில்லையா என்று.

கோமதி அத்தை: இனிய காலை வணக்கம் 🌹🌹

கார்த்தி: பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அதையேதான் சொன்னார் பெரியப்பா. ஈஸிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தில், 1993-இல் மூடும்வரை வேலை பார்த்தவர். எப்போதும் வீட்டில் இரண்டு லர்ச்சர் இருக்கும். முயலுக்குக் கூட்டிப் போவார்.

பெரியப்பா: அங்கே முயலடிக்க விடுகிறார்களா?

கார்த்தி: 2004-இல் சட்டம் போட்டுவிட்டார்கள். நாயை விட்டுக் காட்டு முயலை விரட்டினால் குற்றம். வளை தோண்டி வாழும் குழிமுயலை மட்டும், நிலத்துக்காரர் சம்மதித்தால் பிடிக்கலாம். பயிரைத் தின்கிறது என்று விவசாயிகளே இவரைக் கூப்பிடுகிறார்கள்.

பெரியப்பா: இங்கே 1972-லேயே வனவிலங்குச் சட்டம் வந்தாயிற்று. கருப்பிக்கு இப்போது ஆட்டுக்கிடைக் காவல்தான். சரி, குட்டி ராத்திரி எங்கே படுக்கிறது?

கார்த்தி: அதுதான் பிரச்சினையே. விடிய விடிய நடுங்குகிறான், அழுகிறான். நல்ல மெத்தை வாங்கிச் சமையலறைக் கதவோரம் போட்டிருக்கிறேன்.

பெரியப்பா: கதவோரமா? இந்தக் குளிரில்? நீ போய் அந்த மெத்தையில் பத்து நிமிடம் படுத்துப் பார்.

*(12 நிமிடம் கழித்து)*

கார்த்தி: காது விறைத்துவிட்டது.

பெரியப்பா: 😀 உனக்காவது தோலுக்கடியில் கொழுப்பு இருக்கிறது. அதற்கு ஏது? தரையிலிருந்து நாலு விரல் உயர்த்து. காற்று வராத மூலையில் வை.

கார்த்தி: தாத்தாவின் கொட்டகையில் பார்த்தேன். மரப்பெட்டிக்குக் கீழே செங்கல். முன்பக்கம் ஒரு சாண் உயரப் பலகை, உள்ளே நிறைய பார்லி வைக்கோல். நாய் உள்ளே போய் நாலு சுற்றுச் சுற்றிக் குழி பறித்துக்கொள்கிறது. அந்தக் குழிக்குள் கையை விட்டேன், அடுப்படி மாதிரி வெதுவெதுப்பு. ஒரு கிழட்டுப் பொட்டை நாய்க்கு மட்டும் முழங்கையில் முடியே இல்லை. யானைத்தோல் போலக் காய்த்திருக்கிறது.

பெரியப்பா: அது வெறும் சிமெண்டில் கிடந்த நாய்.

கார்த்தி: ஆமாம், முந்தைய வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தார்களாம்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பெரியப்பா: இந்தச் சாதிக்கு எலும்புக்கும் தரைக்கும் நடுவே தோல் மட்டும்தான். வேலை நாயின் படுக்கையைப் பார்க்க வேண்டாம், முழங்கையைப் பார்த்தால் போதும். நானும் சாக்கை நாலாக மடித்துத்தான் போடுகிறேன். அடியில் நொச்சித் தழை, தெள்ளுப்பூச்சி அண்டாது.

நித்யா: நொச்சி கிடக்கட்டும் அப்பா, மாதாமாதம் மருந்து தடவுவது நான்தான். அண்ணா, குட்டியைப் பக்கவாட்டில் நிற்கவைத்து ஒரு படம் அனுப்பு.

கார்த்தி: (புகைப்படம்)

நித்யா: நினைத்தேன். விலா தனியே தெரிகிறது, வயிறு மட்டும் பானை மாதிரி. குடற்புழு மருந்து எப்போது கொடுத்தார்கள்?

கார்த்தி: எல்லாம் முடித்தாயிற்று என்றார் விற்றவர். சீட்டு ஒன்றும் தரவில்லை.

நித்யா: அப்படியானால் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள். அப்பா சொல்வது வளர்ந்த நாய்க்குச் சரி. கடைசி விலா ரெண்டு மூன்று தெரியலாம், இடுப்பெலும்பு முனை தெரியலாம். பத்து வாரக் குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டும். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து. எடை பார்த்துத்தான். திங்கட்கிழமையே டாக்டரிடம் போ.

அம்மா: நான் முதலிலேயே சொன்னேன். யார் கேட்டார்கள்?

பெரியப்பா: 🙏

*செவ்வாய்க்கிழமை*

கார்த்தி: மருந்து கொடுத்தாயிற்று. காலையில் வெளிவந்ததைப் படம் எடுத்திருக்கிறேன், அனுப்பவா?

நித்யா: எனக்குத் தனியாக அனுப்பு.

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: பார்த்துவிட்டேன். இன்றைக்கு இடியாப்பம் பிழிந்து வைத்திருந்தேன், பாவி.

கார்த்தி: மன்னித்துக்கொள் அம்மா 😬 இப்போது நாலு வேளைத் தீனி. ஊறவைத்த குட்டித் தீனி, அப்புறம் அரைத்த ட்ரைப். ட்ரைப் என்றால் மாட்டு இரைப்பை, கழுவாதது. நாற்றம் தெருமுனைவரை போகிறது. அவனுக்கோ அமிர்தம்.

பெரியப்பா: அட, போட்டி! நாம் கழுவிக் கழுவி இட்லிக்குத் தொட்டுக்கொள்வதை அங்கே கழுவாமல் நாய்க்குப் போடுகிறார்களா? இங்கே கம்பங்கூழும் மோரும்தான், என்றைக்காவது முட்டை.

கார்த்தி: இன்னொரு வேடிக்கை. தீனிப் பையில் ‘வேலை நாய்க்கானது’ என்று போட்டு விற்றால் 20 சதவீத வாட் வரி கிடையாது. வெறும் வளர்ப்பு நாய்த் தீனி என்றால் உண்டு.

அம்மா: மிளகு என்ன வேலை பார்க்கிறான்?

கார்த்தி: நேற்று என் செருப்பில் ஒன்றைக் கடித்து முடித்தான்.

அம்மா: மட்டன் குழம்பு எலும்பைப் போடு, கடித்துக்கொண்டு கிடப்பான்.

நித்யா: வேண்டாம் சித்தி! வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். குழம்பில் வெங்காயம் வேறு, அது நாய்க்கு விஷம்.

பெரியப்பா: நம் வீட்டு நாய்கள் தின்னாத எலும்பா?

நித்யா: செத்ததை நீங்கள் கணக்கு வைக்கவில்லை அப்பா. அண்ணா, இன்னொன்று. ஒரு வயதுவரை சைக்கிளோடு ஓடவிடாதே, எலும்பு முற்றியிருக்காது. வளர்ந்த பிறகும் வயிறு நிறையத் தின்ற கையோடு ஓட்டம் கூடாது, வயிறு முறுக்கிக்கொள்ளும்.

*வெள்ளிக்கிழமை*

கார்த்தி: (புகைப்படம்) தாத்தா பெட்டி செய்து கொடுத்தார். வீட்டுக்குள் வைக்கோல் சிதறும் என்று மெத்தைமேல் பழைய துணி விரித்தேன். நேற்று ஒன்பது மணிநேரம் தூக்கம். மல்லாந்து, நாலு காலும் மேலே.

பெரியப்பா: அப்படிப் படுத்தால் குளிரவில்லை என்று அர்த்தம்.

நித்யா: வயிறு வடிந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் அடுத்த மருந்து, மறக்காதே. துணியில் நூல் பிரிந்தால் எடுத்துவிடு, விழுங்கினால் ஆபரேஷன்தான்.

அம்மா: கார்த்தி, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன். அது என் சுங்குடிச் சேலை இல்லையா?

கார்த்தி: …

அம்மா: குளிருக்குப் போர்த்திக்கொள் என்று நீ கிளம்பும்போது மடித்து வைத்தேனே, அரக்குக் கலர்?

கார்த்தி: அது ஒன்றுதான் அம்மா மெத்தென்று இருந்தது.

அம்மா: சரி, முந்தானைப் பக்கம் நூல் பிரிந்திருக்கும். அதை மட்டும் வெட்டிவிட்டு விரி.