நகல் பாதுகாப்பு: விளையாட்டு வட்டுக்கும் பட வட்டுக்கும் ஒரே சொல் போதுமா?

வணக்கம் ஐயா.

> இரண்டுக்கும் "நகல் பாதுகாப்பு" என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

விளையாட்டு வட்டிலும் பட வட்டிலும் நகலெடுப்பதைத் தடுக்க இருக்கும் ஏற்பாட்டுக்கு (copy protection) என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்று பினாங்கிலிருந்து நீங்கள் எழுதியதை நேற்றிரவு இருமுறை படித்தேன். எளிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தச் சொல்லில் பொருள் தலைகீழாகிவிடுகிறது. வனப் பாதுகாப்பு என்றால் வனத்தைக் காப்பது. நகல் பாதுகாப்பு என்றால் நகலைக் காப்பது என்றுதானே மாணவன் கொள்வான்? போதாததற்கு, கோப்பு அழிந்தால் உதவும் என்று எடுத்துவைக்கும் பிரதிக்குக் "காப்பு நகல்" என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பொதுப்பெயர் வேண்டுமென்றால் "நகல் தடை" போதும்.

என்னை உறுத்துவது வேறு. இந்த இரண்டு வட்டுகளும் செய்யும் வேலையே ஒன்றல்ல.

பட வட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் டிவிடியோடு வந்த சி.எஸ்.எஸ். என்ற முறை, படத்தை 40 பிட் திறவுகோலால், அதாவது ஓர் இரகசிய எண்ணால், கலைத்துப் பதிகிறது. திறவுகோல்கள் வட்டின் உள்வளையத்தில் இருக்கின்றன. கடையில் வாங்கும் வெற்று வட்டில் அந்த இடத்தில் எழுத முடியாது. அதனால் கோப்புகளை மட்டும் அப்படியே எடுத்து வெற்று வட்டில் பதிந்தால் படம் ஓடாது. ஆனால் ஆலையில் அச்சு வார்த்து வட்டு அடிப்பவனுக்கு இது தடையே அல்ல. திறவுகோலையும் சேர்த்தே அடித்துவிடுவான், அந்த வட்டும் நன்றாக ஓடும்! ஆக, இது நகலைத் தடுப்பதைவிட, எந்தக் கருவி படத்தைத் திறக்கலாம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. உரிமம் பெற்ற கருவிதான் திறக்கலாம். உரிமம் பெற்ற கருவி, வட்டு உலகின் எந்தப் பகுதியில் ஓடலாம் என்று சொல்லும் வட்டாரக் குறியையும் மதிக்க வேண்டும். என் அக்கா லண்டனிலிருந்து காசு கொடுத்து வாங்கிவந்த படம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ஓடவில்லை. அங்கே வட்டாரம் 2, நமக்கு 3. 1999இல் நார்வேயின் யோன் லெக் யோஹான்சனும் வேறு சிலரும் இந்தப் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டார்கள்.

விளையாட்டு வட்டின் கதை வேறு. முதல் ப்ளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டிக்கான வட்டின் அடிப்புறம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புதான் காவல் என்று நாங்கள் சிறுவயதில் நம்பினோம். கறுப்பு வெறும் நிறம். உள்வளையத்துத் தடம் நேராக ஓடாமல் மிக நுண்ணிய அளவில் நெளிகிறது. அந்த நெளிவில் நான்கு எழுத்துகள் பொதிந்திருக்கின்றன. விளையாட்டின் தரவு பூட்டப்படவில்லை, யாரும் படியெடுக்கலாம். ஆனால் வீட்டுப் பதிவுக்கருவியால் அந்த நெளிவை உண்டாக்க முடியாது. பெட்டி தொடக்கத்தில் நெளிவைப் பார்க்கும். இல்லையென்றால் வட்டை மறுத்துவிடும்.

தம்பி செய்ததை இன்றும் மறக்கவில்லை. மூடி திறந்திருப்பது பெட்டிக்குத் தெரியாதபடி உள்ளே இருந்த சிறு பொத்தானைப் பேனா மூடியால் அழுத்திவைத்தான். அசல் வட்டு சோதனையைக் கடந்ததும், சுழற்சி தளரும் நொடியில் அதை எடுத்துவிட்டு நகலை வைத்தான். விளையாட்டு தொடங்கிவிட்டது. பூட்டாக இருந்தால் இது நடக்குமா? வாசலில் டிக்கெட் பார்ப்பதைப் போன்றது இது.

எனவே என் முன்மொழிவு: விளையாட்டு வட்டில் இருப்பது "மெய்வட்டுச் சோதனை". மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்கூட. வட்டின் உடம்பைத் தொட்டுப் பார்த்து உண்மையை அறியும் முறைக்கு இதைவிடப் பொருத்தமாக நம் மொழி என்ன தரும்? "அசல் சோதனை" என்றும் எழுதலாம், இங்கே மலாய்க்காரர்களுக்குக்கூட அசல் தெரிந்த சொல்தான். ஆனால் அந்த இரட்டைப் பொருள் அதில் கிடைக்காது.

பட வட்டில் இருப்பது "மறைப்பூட்டு". தரவைக் கலைத்து மறைப்பதற்கு மறையாக்கம் என்ற சொல் கணினித் தமிழில் ஏற்கெனவே இருப்பதால் அதனோடு உறவும் தெரியும். ப் விடாமல் எழுத வேண்டும். "மறைபூட்டு" என்றால் வினைத்தொகையாகிப் பூட்டே ஒளிந்துகொள்வதாகப் பொருள்படும்.

ப்ளேஸ்டேஷன் 3 போன்ற பிந்தைய பெட்டிகளின் வட்டுகளில் இரண்டும் உண்டு. அங்கே இரண்டு சொற்களையும் சேர்த்தே எழுதலாம், குழப்பம் வராது.

இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதல்ல. கணினி விளையாட்டு வட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற சோதனை இருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10, பாதுகாப்புக் காரணத்தால் அந்தச் சோதனையை நடத்தும் இயக்கி (driver) என்ற நிரலை ஏற்கவில்லை. வட்டு அசல், கீறல் இல்லை, தரவு முழுசாக இருக்கிறது. ஆனாலும் பல விளையாட்டுகள் தொடங்கவில்லை, ஏனென்றால் சோதனை செய்ய ஆளில்லை. இதை "நகல் பாதுகாப்பு பழுதானது" என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? "மெய்வட்டுச் சோதனை நடக்காததால் அசல் வட்டும் மறுக்கப்பட்டது" என்று எழுதிப் பாருங்கள்.

இந்த வாக்கியத்தை உங்கள் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் விளக்கம் சொல்லாமல் வாசித்துக் காட்டுங்கள் ஐயா. அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள்; சொல்லை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவோம்.