மாணிக்கமா, ஸ்பைனலா? கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். அம்மாச்சியின் அட்டிகையிலிருந்து போன மாதம் ஒரு சிவப்புக் கல் கழன்று விழுந்தது. ஒரு கடையில் மாணிக்கம் என்றார்கள், இன்னொரு கடையில் ஸ்பைனல் (மாணிக்கம் போலவே தோன்றும் வேறொரு ரத்தினம்) என்றார்கள். இரண்டு இடத்திலும் லென்ஸில் பார்த்ததோடு சரி.

வீட்டிலேயே எடை போட்டேன். காற்றில் 0.42 கிராம், நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டபோது 0.11 கிராம் குறைந்தது. அடர்த்தி 3.8 வருகிறது. மாணிக்கத்துக்கு 4.0, ஸ்பைனலுக்கு 3.6, சரியாக நடுவில் நிற்கிறது! என் தராசு 0.01 கிராமுக்குக் கீழே காட்டாது, அந்த ஒரு புள்ளி மாறினாலே விடை மாறிவிடும்.

புற ஊதா டார்ச்சில் நன்றாகச் சிவந்து ஒளிர்கிறது. இப்படி ஒளிரவைக்கும் குரோமியம் இரண்டு கல்லிலும் உண்டு, அதனால் இதை வைத்து முடிவுசெய்ய முடியவில்லை. மேல்பக்கம் பட்டை தீட்டாமல் உருண்டையாக இருக்கிறது, அடியில் மெல்லிய கீறல்கள். உரசிப் பார்க்க எனக்கு மனமில்லை, அம்மாச்சி 60 வருஷம் போட்டிருந்த நகை.

கடைசியாக, வெள்ளை வெளிச்சத்தின் முன் கல்லை வைத்து போலராய்டு தாளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) சுழற்றினேன். பக்கவாட்டில் பார்க்கும்போது மட்டும் ஊதாச் சிவப்பு லேசாக ஆரஞ்சுச் சிவப்பாக மாறுகிறது. மேலிருந்து பார்த்தால் மாற்றமே இல்லை. ஸ்பைனலில் எந்தத் திசையிலும் நிறம் மாறக்கூடாது என்று படித்தேன்.

அடுத்த வாரம் ஆசாரி கல்லைப் பதித்துவிடுவார். ஒரு திசையில் மட்டும் தெரியும் இந்த நிறமாற்றத்தை வைத்தே மாணிக்கம் என்று உறுதி செய்யலாமா?