சாக்குப் பையில் சேர்ந்துவிட்ட பானை ஓடுகளை என்ன செய்வது?

திருப்புல்லாணிப் பக்கத்து ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில் நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து மூன்று ஆண்டுகளாகத் தொல்லியல் குழு ஒன்றை நடத்தி வருகிறோம். ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், கரைவலை இழுப்பவர்கள் இருவர், பனையேறி ஒருவர், பலசரக்குக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் என்று பலரும் கலந்துதான் இருக்கிறோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு விடிந்ததும் ஏதேனும் ஒரு கண்மாய்க் கரையிலோ மணல் மேட்டிலோ நடப்போம். வெயில் ஏறுமுன் திரும்பி, கடைக்கார அம்மா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கிடைத்ததைக் கையில் வைத்துப் பார்த்துப் பேசுவோம். அந்தப் பேச்சுக்காகவே வருகிறவர்களும் உண்டு.

எங்களுக்கு இப்போது இரண்டு சிக்கல்கள். முதலாவது, கண்ணில் பட்ட பானை ஓடுகளையெல்லாம் ஆர்வத்தில் பொறுக்கியதில் பள்ளியின் பழைய அறையில் மூன்று சாக்குப் பைகள் நிறைந்துவிட்டன. கறுப்பு சிவப்பு ஓடுகள், வட்டச் சில்லுகள், நூல் நூற்கும் சுடுமண் தக்களிகள், பச்சை நிற மெருகு பூசிய சீன ஓடுகள் சில, இரும்புக் கசடு என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. எந்த ஓட்டை எந்த மேட்டில் எடுத்தோம் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டலாம் என்கிறார் ஒருவர். அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கலாம் என்கிறார் இன்னொருவர். எடுத்த மேடுகளிலேயே திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்கிறார்கள் மாணவர்கள்.

இரண்டாவது சிக்கல் எங்கள் மனத்தை மிகவும் வருத்துகிறது. பக்கத்து ஊர்க் கண்மாய்க் கரையில் நின்ற சூலக்கல் (சூலம் பொறித்த பழைய எல்லைக்கல்) ஒன்றைப் படம் எடுத்து, எங்கள் உறுப்பினர் ஒருவர் ஊர்ப் பெயர், கண்மாய்ப் பெயரோடு வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டார். இருபது நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், கல்லின் காலடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. குழிக்குள் அறுத்த எலுமிச்சம்பழமும் குங்குமமும். புதையல் தேடி வந்தவர்களின் வேலை என்பது தெளிவு. கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. "நீங்கள் வந்து போன பிறகுதானே இது நடந்தது" என்று ஊரார் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. இப்போது அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை. இவ்விரண்டையும் எப்படிச் சரிசெய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தேவிபட்டினம் கடற்கரைக்காரர்

தம்பிக்கு வணக்கம். இதே கரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இப்படிப்பட்ட ஒரு குழுவில் இருக்கிறேன். உங்கள் மூன்று சாக்குகளைப் போல எங்களிடமும் ஒரு காலத்தில் இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன என்பதால், குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை.

முதலில், அவற்றைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடவே கூடாது. எடுத்த இடம் உறுதியாகத் தெரியாதபோது, போடுகிற இடத்தில் நீங்களே ஒரு பொய்ச் சான்றை உண்டாக்கிவிடுவீர்கள். நாளைக்கு முறையாக ஆய்வு செய்ய வருகிறவர் அந்த மேட்டில் சீன ஓட்டைக் கண்டால் அதை நம்பித்தான் எழுதுவார்.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நம் கரையை வைத்தே சொல்லலாம். வைகை கடலைச் சேரும் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986 முதல் பல பருவங்களாக அகழாய்வு செய்திருக்கிறது. உரோம நாணயங்கள், மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு ஆகியவை அங்கே கிடைத்தன. தெற்கே பெரியபட்டினத்தில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் செய்த ஆய்விலோ 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீன மண்கலங்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஒரே மாவட்டத்தின் கடற்கரையில் இருக்கும் இவ்விரண்டு துறைமுகங்களின் செழிப்புக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது. அங்கே ஓர் ஓடும் இங்கே ஓர் ஓடும் எடுத்து ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டால், அந்த ஆயிரம் ஆண்டும் சாக்குக்குள் கலந்துபோகிறது.

ஆகவே, அடுத்த ஞாயிறு எங்கும் நடக்க வேண்டாம். பதினான்கு பேரும் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஓடாக எடுத்து நினைவுகூருங்கள். கைப்பேசிப் படங்களில் நாளும் நேரமும் இருக்கும், சிலவற்றில் இடமும் பதிவாகியிருக்கும். உறுதியாக இடம் தெரிந்தவற்றைத் தனித்தனி உறையில் போட்டு, ஊர், மேட்டின் பெயர், நாள், எடுத்தவர் ஆகியவற்றை எழுதுங்கள். ஐயமுள்ளவற்றுக்கு 'ஐயம்' என்றே எழுதுங்கள். இடம் தெரியாதவை பிள்ளைகளின் கைக்குப் போகட்டும். வாய்ப்புறமும் உள்ளும் கறுத்து வெளிப்புறம் சிவந்த ஓட்டைத் தடவிப் பார்ப்பது, மெல்லிய சாம்பல் நிறத் தட்டின் உட்புற அடியில் வட்ட வட்டமாகப் பதிந்த சிறு கீறல்களை விரல் நுனியால் உணர்வது, பச்சை மெருகின் கீழே உடைந்த விளிம்பில் தெரியும் வெளிறிய களிமண்ணைப் பார்ப்பது ஆகியவற்றை எந்தப் புத்தகத்தாலும் கற்பிக்க முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் இந்தப் பயனும் போய்விடும்.

நம் பக்கத்தில் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்மாயில் வண்டல் எடுத்து வயலில் கொட்டுகிறார்கள். வயலில் ஓடு கிடக்கிறது என்றால், அது வயலின் ஓடா, கண்மாயிலிருந்து டிராக்டரில் வந்த ஓடா என்று நிலத்துக்காரரிடம் கேட்காமல் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். இதைக் கேட்காததால் நாங்கள் ஒரு வயலையே பழங்கால ஊர் என்று ஓராண்டு நம்பிக்கொண்டிருந்தோம்.

நடப்பதற்கு நல்ல காலம் தை, மாசி. கார்த்திகை மழை மேடுகளைக் கழுவி ஓடுகளை மேலே கொண்டுவந்திருக்கும். கண்மாய் மடையில் நிற்கும் எழுத்துள்ள மடைக்கல் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் வற்றும் பங்குனி, சித்திரை வரை பொறுத்திருக்க வேண்டும். இனி எடுப்பதைக் குறையுங்கள், எழுதுவதைக் கூட்டுங்கள். கிடக்கும் இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, குறித்துக்கொண்டு, ஓட்டை அங்கேயே விட்டுவிட்டு வருகிற குழுவைத்தான் நான் நல்ல குழு என்பேன்.

வாலிநோக்கம் மருமகள்

ஐயா ஓடுகளைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் அந்த ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குச் சாக்கைவிட அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

எங்கள் குழுவும் ஒரு முறை இப்படி ஓர் ஊரை இழந்தது. ஊரணிக் கரையில் மஞ்சள் பூசி, எண்ணெய் வார்த்து, எல்லைச்சாமி என்று கும்பிட்டுவந்த ஒரு கல்லைப் பார்த்து, "இது சாமி இல்லை, கோயில் நிலத்தின் எல்லைக்கல்" என்று எங்களில் ஒருவர் கூட்டத்துக்கு நடுவே சொல்லிவிட்டார். சொன்னது தவறில்லை, சொன்ன முறைதான் தவறு. அந்தக் கல் இத்தனை நூற்றாண்டுகள் உடையாமல் நின்றதற்கு அந்த மஞ்சளும் எண்ணெயும்தான் காரணம் என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. பக்கத்தில் கும்பிடுவோர் இல்லாத இன்னொரு கல் துணி துவைக்கும் கல்லாகி எழுத்தே தேய்ந்துபோயிருந்தது.

மறுபடி போனபோது கேமரா இல்லாமல் போனோம். பெண்கள் மூவர் மட்டும் போய், அங்கிருந்த அப்பத்தாவிடம், "உங்க சாமி பேரு என்ன, எப்ப பூசை போடுவீங்க" என்றுதான் கேட்டோம். அவர் பூசையைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகே, கல்லில் சூலம் இருந்தால் சிவன் கோயிலுக்கு விட்ட நிலம் என்றும், ஆழிச் சக்கரம் இருந்தால் பெருமாள் கோயிலுக்கு விட்ட நிலம் என்றும் சொன்னோம். "அப்ப இது உத்தரகோசமங்கை நிலமா, திருப்புல்லாணி நிலமா?" என்று அவரே கேட்டார். முன்னது சிவன் கோயில், பின்னது பெருமாள் கோயில். பல ஆண்டுகள் படித்த எங்களைவிட அந்தக் கேள்வி கூர்மையாக இருந்தது. தம்பி, உங்கள் கடைக்கார அம்மாவை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். குழிக்கு உங்கள் படம் வழிகாட்டியிருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். இனி இடத்தைப் பொதுவெளியில் எழுத மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். குறிப்பேட்டில் துல்லியமாக இருக்க வேண்டிய இடம், கைப்பேசியில் வட்டாரப் பெயரோடு நின்றுவிட வேண்டும்.

எழுத்துள்ள கல் கிடைத்தால் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்க வேண்டாம். மைப்படி (கல்லின் எழுத்தை மையால் தாளில் படியெடுப்பது) எடுக்கப் பழகியவர் வரும்வரை, பொழுது சாய்ந்த பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நாங்கள் ஒரு மடைத்தூணை இப்படித்தான் பார்த்தோம். பகலில் வெறும் பாறையாக நின்றது, விளக்கைச் சாய்த்ததும் நிழல் பள்ளங்களில் விழுந்து, முதலில் ஒரு சுழியும், பிறகு கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல்லின் பாதியும் எழுந்துவந்தன. உடன் வந்த ஊர்ப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றார்கள். படித்த வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, செய்தித்தாளுக்குக் கொடுக்கும் முன் அந்த ஊர் மந்தையில் வாசித்துக் காட்டினோம். அதன் பிறகு அந்தக் கல்லுக்கு ஊரே காவல். பள்ளிவாசல் வளாகங்களில் உள்ள பழைய மீசான் கற்களுக்கும் (கல்லறைக் கற்கள்) இதே முறைதான்: ஜமாஅத்தின் அனுமதியும், அரபு படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரின் துணையும் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

ஓய்வுபெற்ற வருவாய்த் துறைக்காரன்

சட்டத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்ணில் புதைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், நாணயம், கல்வெட்டு போன்றவை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றை உரிமமின்றி விற்கும் தொழில் செய்வதும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். அகழாய்வு அரசுத் தொல்லியல் துறைகளுக்கும் முறையான அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கும் உரிய வேலை. உங்கள் குழுவில் யாரும் ஆர்வத்தில்கூட மண்வெட்டியைத் தொடக்கூடாது.

உங்கள் சூலக்கல்லின் குழியைப் பற்றிக் காவல் நிலையத்தில் ஊராரோடு சேர்ந்து புகார் கொடுங்கள். நீங்கள் மட்டும் கொடுத்தால் ஊர் இன்னும் விலகிப்போகும்.

திருப்புல்லாணிப் பக்கத்து ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சாக்குகளைக் கொட்டிப் பிரிக்க இரண்டு ஞாயிறு பிடித்தன. ஏறத்தாழ ஒரு சாக்கு ஓடுகளுக்கு உறுதியாக இடம் கிடைத்தது. சீன ஓடுகள் ஏழில் ஆறு, கரைவலைக்காரர் ஒருவர் கடல் பின்வாங்கிய நாளில் ஒரே இடத்தில் பொறுக்கியவை என்பது அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மூன்று ஆண்டுகளாக அவரை நாங்கள் கேட்கவே இல்லை.

ஊருக்குக் கடைக்கார அம்மாவோடு போனோம். முதல் நாள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது நாட்டாமையே உடன் வந்து புகாரில் கையொப்பமிட்டார். குழியை ஊரார் தாங்களே மூடி, கல்லை நிமிர்த்தி, பொங்கல் வைத்தார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள்.

அங்கே ஒருவர் எங்களைக் கண்மாயின் தென்கோடி மடைக்கு அழைத்துப்போனார். தூணின் மேற்பகுதி மட்டும் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது. விளக்கைச் சாய்த்துப் பார்த்ததில் 'சுந்தர பாண்டிய' என்பது வரை படிக்க முடிகிறது, மற்றது நீருக்குள் இருக்கிறது. எந்தச் சுந்தரபாண்டியன் என்று எழுதுவது? மாணவர்கள் மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறார்கள்.

தேவிபட்டினம் கடற்கரைக்காரர்

மகிழ்ச்சி, தம்பி. இப்போதைக்கு எந்தச் சுந்தரபாண்டியன் என்றும் எழுத வேண்டாம். அந்தப் பெயரில் பல அரசர்கள் ஆண்டிருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் 'கோமாறபன்மர்' என்றிருக்கிறதா, 'கோச்சடைபன்மர்' என்றிருக்கிறதா என்பதைப் பார்த்தால்தான் அவர் பட்டப்பெயர் மாறவர்மனா சடையவர்மனா என்பதே பிரியும். அதன் பிறகும் ஆட்சியாண்டும் நாள், நட்சத்திரக் குறிப்பும் இருந்தால்தான் ஆள் யார் என்று நெருங்க முடியும். நீங்கள் படித்த எழுத்துகளை மட்டும், வரி உடைந்த இடத்தில் உடைத்தே, நாளோடு குறித்து வையுங்கள். மடைக்குப் பெரும்பாலும் இரண்டு தூண்கள் இருக்கும். எதிர்த்தூண் சேற்றுக்குள் கிடக்கிறதா என்று மடையைத் திறந்து மூடும் ஊர் மடையரிடம் கேட்டுவையுங்கள். பங்குனியில் தண்ணீர் வற்றியதும் சொல்லுங்கள், மைப்படித் தாளும் தூரிகையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.