வெலோ ஓப்பலில் மீன் உருவம்: ஊறவைத்துச் செதுக்குவதா, உலர்ந்த கல்லிலா?

நுண்ணுளி:
கையில் இருப்பது எத்தியோப்பியாவின் வெலோ பகுதியில் கிடைக்கும் ஓப்பல் (வண்ணம் மின்னும் ரத்தினக்கல்), பட்டை தீட்டாத கல். ஏறக்குறைய 40 × 28 × 17 மி.மீ., உலர்ந்த எடை 19.40 கிராம். ஒரு பக்கம் பழுப்புத் தோல். மறுபக்கம் பச்சையும் ஆரஞ்சும் நன்றாக அடிக்கின்றன. இதில் உடல் வளைந்து, வால் திரும்பி, முதுகுத் துடுப்பு விரிந்து நிற்கும் ஒரு மீனை முழு உருவமாகச் செதுக்க எண்ணம். அகேட்டிலும் ஜேடிலும் வேலை தெரியும், ஓப்பல் புதிது. மைக்ரோமோட்டார், சிண்டர்டு டைமண்ட் பர்கள் (வைரத்தூள் கலந்த சுழல்முனைகள்), சொட்டுநீர் அமைப்பு இருக்கின்றன. மூன்று சந்தேகங்கள்: கல்லை ஊறவைத்துவிட்டுச் செதுக்குவதா, உலர்ந்த நிலையிலேயே தொடங்குவதா? துடுப்பை எவ்வளவு மெல்லிசாக எடுக்கலாம்? செதில் இடுக்குகளில் மெருகு ஏற்றுவது எப்படி?

சாணைக்கல்:
முதலில் வடிவத்தைப் பற்றி, ஏனென்றால் அங்கேதான் ஜேட் பழக்கம் காலை வாரிவிடும். ஜேடின் பலம் அதன் பின்னிய இழைகளில் இருக்கிறது. ஓப்பலில் அந்தப் பின்னல் இல்லை. கடினம் மோஸ் அளவில் 5.5 முதல் 6.5 வரை, உடைவது கண்ணாடி உடைவது போலச் சிப்பி சிப்பியாக. விரிந்து நிற்கும் துடுப்பை மறந்துவிடுங்கள். துடுப்பும் வாலும் உடலோடு ஒட்டிப் படிந்திருக்கட்டும். எந்த இடமும் 2.5 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். உட்பக்க மூலைகளைக் கூர்மையாக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். 1 மி.மீ. உருண்டை பர்ரால் அந்த மூலைகளைக் குழிவாக எடுங்கள்.

அடுத்தது வண்ணத்தின் திசை. ஒற்றை விளக்கின் கீழே கல்லைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். வெலோவில் பல கற்களில் வண்ணம் தூண் தூணாக நிற்கும்: மேலிருந்து பார்த்தால் தேன்கூடு, பக்கத்திலிருந்து பார்த்தால் கோடுகள். எந்த முகம் நன்றாக அடிக்கிறதோ அதுதான் மீனின் விலாப்புறம். அந்தப் பக்கத்தைத் தாழ்ந்த புடைப்பாக, மெல்லிய சரிவுகளோடு வையுங்கள். செங்குத்தாக வெட்டிய சுவரில் வண்ணம் செத்துப்போகும். பழுப்புத் தோல் பக்கம் வயிற்றுக்கோ மீன் கிடக்கும் பாறைக்கோ போகட்டும். முழுவதும் சுரண்டி எடுக்க அவசியமில்லை, அது ஒரு நல்ல பின்புலம்.

நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஊறிய பிறகு வண்ணம் மறைந்துவிடும், எங்கே என்ன இருந்தது என்று தேட வேண்டிவரும். குறி போட மார்க்கர் பேனா கூடவே கூடாது, மை உள்ளே இறங்கிவிடும். கூர் தீட்டிய அலுமினியக் கம்பி போதும்.

நீரோட்டம்:
முதல் கேள்விக்கு வருகிறேன். வெலோ நீரை உறிஞ்சும் ஓப்பல். நுண்ணிய சிலிக்கா கோளங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தால்தான் ஒளி சிதறி வண்ணமாகிறது. அந்த இடத்தில் நீர் புகுந்தால் ஒளிவிலகல் வேறுபாடு குறைந்து, கல் கண்ணாடி போல ஆகிவிடும். காய்ந்தால் வண்ணம் திரும்பும். கல்லை வெடிக்க வைப்பது, ஒரு பகுதி நனைந்தும் மறுபகுதி உலர்ந்தும் இருக்கும் நிலை. ஆகவே முழுதாக ஊறவைத்துச் செதுக்குவதே என் கட்சி.

செதுக்கும் முன்பே ஒரு சோதனை செய்யுங்கள். அறை வெப்பநிலையில் உள்ள காய்ச்சி வடித்த நீரில் கல்லைப் போட்டு, 0.01 கிராம் தராசில் தினமும் எடை பாருங்கள். எடை ஏறுவது நின்றால் கல் நிறைந்துவிட்டது என்று பொருள். பிறகு மெதுவாக உலர்த்தி, 10 மடங்கு லென்ஸில் மயிரிழை விரிசல் தேடுங்கள். பெரும்பாலான வெலோ இந்தச் சுற்றைத் தாங்கும். தாங்காத கல் இப்போதே வெடிப்பது நல்லது. வாலும் கண்ணும் முடித்த பிறகு வெடித்தால் உழைப்பும் போச்சு. 1994 வாக்கில் வெளிவந்த, எத்தியோப்பியாவின் ஷேவா பகுதி ஓப்பல் வெடிப்புக்குப் பெயர்போனது. 2008-க்குப் பின் வந்த வெலோ அவ்வளவு மோசமில்லை. இரண்டையும் கலந்து விற்றால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

குழாய்நீரும், பலமுறை சுற்றிய அழுக்கு நீரும் வேண்டாம். அதிலுள்ள இரும்புத்தூள், நிறம் எல்லாம் கல்லுக்குள் போகும்.

பச்சைமணி:
ஊறவைப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உலர்ந்த கல்லைச் சொட்டுநீரில் கால் மணி நேரம் வெட்டி, துடைத்து ஆறவிட்டு, மறுபடி எடுக்கலாம். வண்ணம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும், கண்மூடித்தனமாக வெட்ட வேண்டியதில்லை.

நீரோட்டம்:
கபோஷனுக்கு (பட்டையில்லாமல் மேல்புறம் குவிந்து மழமழப்பாகத் தீட்டிய கல்) அது சரி, சீக்கிரம் முடிந்துவிடும். செதுக்கு வேலை நாள்கணக்கில் போகும். ஒவ்வொரு முறையும் மேல்தோல் மட்டும் நனைந்து காயும். நான் மேலே சொன்ன அதே பாதி நனைந்த நிலைதான் இது. வண்ணத்தைப் பார்த்தபடி வெட்ட வேண்டுமென்றால், உலர்ந்த நிலையில் வெளிவடிவத்தை மட்டும் அலுமினியக் கம்பியால் வரைந்துகொண்டு பிறகு ஊறவைக்கலாம். ஊறிய கல்லில் இன்னொரு லாபம்: துளைகளில் நீர் நிறைந்திருப்பதால் மெருகுத்தூள் எளிதில் உள்ளே இறங்காது.

மெருகுக்கை:
கருவி பற்றி. அகேட்டுக்கு வைத்திருக்கும் 80, 100 கிரிட் (எண் சிறிதானால் துகள் பெரிது) பர்களை ஒதுக்கி வையுங்கள். அவை மேலே கீறலும் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசலும் விட்டுப்போகும், பின்னால் மெருகேற்றும்போது வெள்ளைப் புள்ளிகளாக எழும். 220-இல் தொடங்கினால் போதும். ஓப்பல் அகேட்டைவிட மென்மை, வேகமாகத் தேயும். கை அழுத்தம் பேனா பிடிக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். 6 மி.மீ. பர் என்றால் 8,000–10,000 ஆர்பிஎம், 2 மி.மீ. பர் என்றால் 15,000–20,000. பர் தொடும் இடத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அங்கே நீர் போகவில்லை, சூடு ஏறுகிறது. உடனே கையை எடுங்கள். சூடான கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டுவது அதைவிட ஆபத்து.

பர் முனை எப்போதும் கைப்பிடியைவிடத் தாழ்வாக இருக்கட்டும். நீர் ஏறி மோட்டாருக்குள் போகக்கூடாது. பிடிகுச்சியில் அரக்கால் ஒட்டவே வேண்டாம், சூடு தாங்காது. சூப்பர் குளூ ஊறிய கல்லில் பிடிக்காது, உலர்ந்த கல்லில் உள்ளே இறங்கிக் கறையாகும். நீர்த்தட்டில் ஸ்பாஞ்ச் வைத்து, அதன்மேல் கல்லைக் கையாலேயே பிடிப்பதுதான் வழி. எந்த விளிம்பையும் முதலில் சற்றே சரித்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். பர் வெளியேறும் கூர் விளிம்பில்தான் சில்லு பெயரும். கண்ணுக்குத் துளை வேண்டுமென்றால் 1 மி.மீ. டைமண்ட் துளைப்பானால் கொத்திக் கொத்தி இறங்குங்கள். ஒரே மூச்சில் அழுத்தினால் மறுபக்கம் பிய்ந்து வரும்.

இடுக்கு மெருகுக்கு மூங்கில் குச்சி, பல்குத்தும் குச்சி போன்ற மரமுனைகள். நுனியை உங்கள் செதிலின் வடிவுக்குச் சீவி, நீரில் கரையும் டைமண்ட் பேஸ்ட் தடவி, 5,000 ஆர்பிஎம்முக்குள் ஓட்டுங்கள். 600, 1200, 3000, 8000, 14000 என வரிசை. ஒவ்வொரு கிரிட்டுக்கும் தனிக் குச்சி, தனி டப்பா. ஒரே ஒரு 600 துகள் 8000 குச்சியில் ஏறினால் திரும்ப 1200-க்குப் போக வேண்டிவரும். ஒவ்வொரு படியிலும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், பழைய கீறல் போனதா என்று அப்போதுதான் தெரியும். எண்ணெய் கலந்த பேஸ்ட் வெலோவுக்கு ஆகாது. சீரியம் ஆக்சைடு நல்ல பளபளப்பு தரும், ஆனால் குழிகளில் தங்கி வெளிறிய கோடாகத் தெரியும். திறந்த முகத்தில் மட்டும், ஃபெல்ட்டில் (அழுத்திய கம்பளித் துணி), மெதுவாக.

முகமூடி கட்டாயம். ஓப்பலைப் பொதுவாகப் படிகமற்ற சிலிக்கா என்று சொன்னாலும் ஒட்டியிருக்கும் தாய்ப்பாறையில் குவார்ட்ஸ் இருக்கலாம். பி100 (நுண்தூசியைத் தடுக்கும் வகை) வடிகட்டி போடுங்கள். மேசையில் சிந்திய சேற்றை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் தூசியாகப் பறக்கும்.

நுண்ணுளி:
நன்றி, துடுப்பைப் படிய வைத்துவிடுகிறேன். ஒன்று புரியவில்லை. செதுக்கிய பிறகு எடை குறைந்திருக்குமே, 19.40-ஐ வைத்து உலர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

நீரோட்டம்:
சொல்ல முடியாது. பழைய எண் இனி உதவாது. ஒரே நேரத்தில் தினமும் எடுத்த எடை மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் நின்றால் அதுவே புதிய உலர் எடை. வண்ணம் திரும்பியதை மட்டும் நம்பாதீர்கள். மேல்புறம் அடிக்கத் தொடங்கும்போது நடுவில் இன்னும் நீர் இருக்கும், லேசான பால்மூட்டம் அதற்கு அடையாளம்.

உலர்த்துவதில் உங்கள் மீனுக்கென ஒரு சிக்கல் உண்டு: 3 மி.மீ. வால் சீக்கிரம் காயும், 15 மி.மீ. உடல் காயாது, விரிசல் இரண்டும் சேரும் கழுத்தில் விழும். கழுத்தைத் திடீரென ஒடுக்காமல் படிப்படியாகச் சரித்துச் செதுக்குங்கள். உலர்த்தும்போது கல்லை ஈர டிஷ்யூவில் சுற்றி மூடிய டப்பாவில் வையுங்கள். வாலுக்கு இரண்டு சுற்று அதிகம். சில நாள் கழித்து டிஷ்யூவை மாற்றி உலர்ந்ததைச் சுற்றுங்கள், மூடியை விரற்கடை அளவு திறங்கள். எடை ஒரே நாளில் சட்டென்று இறங்கினால் மூடியை மறுபடி மூடுங்கள். வெயில், மேசை விளக்கு, ஹேர் ட்ரையர், சிலிக்கா ஜெல் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.