இடுபணியை முன்கூட்டியே அனுப்புவோருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாமா?

விரிவுரையாளர், கோலாலம்பூர்:
இடுபணிக்கு இரவு 11.59 என்று கெடு வைத்தால், வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் பதினொரு மணிக்குப் பிறகுதான் அனுப்புகிறார்கள். திருத்தும்போது, எந்தப் பக்கத்தில் நேரம் கைநழுவியது என்பது கண்ணுக்கே தெரிகிறது. முன்னுரை செறிவாக இருக்கும். மூன்றாம் பக்கத்திலிருந்து மேற்கோள்களுக்கு ஆண்டு இருக்காது. குழுப்பணியாக இருந்தால் நடுவில் எழுத்துரு மாறும். முடிவுரை இரண்டே வரியில் நின்றுவிடும். இங்கிலாந்தின் வார்விக் வணிகப் பள்ளியில் டேவிட் ஆர்னட், ஸ்காட் டாக்கோ இருவரும் 777 மாணவர்களின் ஒப்படைப்பு நேரத்தை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, கடைசி நிமிடத்தில் அனுப்பியவர்களின் சராசரி ஏறத்தாழ 59 மதிப்பெண்ணுக்கு இறங்கியிருந்தது. ஆகவே, மூன்று நாள் முன்னதாக அனுப்புவோருக்கு ஐந்து மதிப்பெண் கூட்டித் தர வேண்டும் என்றும், கெடு தாண்டி வருவதை ஏற்கவே கூடாது என்றும் நான் கருதுகிறேன்.

பகுதிநேர மாணவி, பட்டர்வொர்த்:
ஐயா, நீங்கள் காட்டிய அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த மாணவர்களில் 86.1 விழுக்காட்டினர் கடைசி 24 மணி நேரத்தில்தான் அனுப்பினார்கள். அவர்களுடைய சராசரி 64.04, முன்கூட்டியே அனுப்பியவர்களின் சராசரி 64.32. அரை மதிப்பெண்கூட வேறுபாடு இல்லை. சரிவு கடைசி நிமிடங்களில் மட்டுமே இருக்கும்போது, மூன்று நாள் முன்னதாக அனுப்பினால் ஐந்து மதிப்பெண் என்பது, தரத்தில் இல்லாத உயர்வை மதிப்பெண் பட்டியலில் உண்டாக்குவதாகும். அந்த ஐந்து மதிப்பெண் யாருக்குப் போய்ச் சேரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பிறை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு, கெடு நாளும் அதற்கு முந்திய விடுமுறை நாளுமே எழுதக் கிடைக்கும் நேரம். விடுதியில் தங்கி முழுநேரமும் படிப்பவருக்கு அந்தப் பரிசு எளிதில் கிடைத்துவிடும். கட்டுரையை மதிப்பிடுங்கள், அதை எழுதியவரின் வாழ்க்கை வசதியை மதிப்பிடாதீர்கள்.

பட்டதாரி, செந்தூல்:
அக்கா, உங்கள் உழைப்பை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நேரம் குறைவாக இருப்பவர்தான் எல்லாருக்கும் முன்னால் தொடங்க வேண்டியவர். தனக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று மாணவர் போடும் கணக்கே பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்டபோது, சராசரியாக 34 நாளில் முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடைகூட 49 நாளைத் தாண்டவில்லை. நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. கட்டுரையைப் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் மென்பொருளில் கோப்பை மாற்றி மாற்றிப் பதிவேற்றினால், மூன்று முறைக்குப் பிறகு ஒவ்வோர் ஒப்புமை அறிக்கைக்கும் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கெடு நாளிலேயே எழுதி முடிப்பவர் தம் மேற்கோள்களைத் திருத்திச் சரிபார்ப்பது எப்போது?

பகுதிநேர மாணவி, பட்டர்வொர்த்:
தம்பி, நீங்கள் சொல்வது தொடங்கும் நேரத்தைப் பற்றியது. ஐயா பரிசு தர நினைப்பதோ அனுப்பும் நேரத்துக்கு. நான்கு வாரம் எழுதி, கடைசி நாளில் ஒருமுறை வாசித்துவிட்டு 11.50க்கு அனுப்புபவரையும், ஒன்பது மணிக்கு முதல் வரியை எழுதத் தொடங்குபவரையும் நாம் இடுபணியை அனுப்பும் ‘மூடில்’ (Moodle) இணையக் கற்றல் தளம் காட்டும் நேரக்குறிப்பு பிரித்துச் சொல்லாது. முன்னதாகத் தொடங்க வைப்பதுதான் நோக்கம் என்றால், ஏழாம் வாரத்தில் வரைவு ஒன்றைக் கேட்டு வாங்கி, கருத்துரைத்துத் திருப்பித் தாருங்கள்.

விரிவுரையாளர், கோலாலம்பூர்:
அம்மா, கூடுதல் மதிப்பெண் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அந்த ஐந்தையும் வரைவுக்கே வைக்கலாம். எழுபது பேரின் வரைவைப் படித்துக் கருத்துரைப்பது எங்களுக்குப் பெரிய சுமைதான் என்றாலும், இறுதியில் அரைகுறைக் கட்டுரைகளைத் திருத்துவதைவிட அது மேல். தாமதத்தை ஏற்பதில் மட்டும் என் கருத்து மாறவில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினாலும் அது அத்தனையையும் நிரப்பிக்கொள்ளும் என்று 1955இல் எக்கனாமிஸ்ட் இதழில் எழுதிய பார்க்கின்சன், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். நம் மாணவர்களுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தால், அந்த ஒரு நாள்தான் புதிய கெடுவாகும்.

பகுதிநேர மாணவி, பட்டர்வொர்த்:
கூடுதல் நாள் இலவசமாக இருந்தால் அப்படித்தான் ஆகும், ஐயா. மூடிலில் கெடு நாளை ஒன்றாகவும், அதன்பின் எதையும் வாங்காமல் மூடும் நாளை வேறொன்றாகவும் குறிக்க முடியும். மருத்துவச் சான்றிதழ் உள்ள ஒருவருக்கு மட்டும் தனியாக நீட்டிப்பும் கொடுக்க முடியும். இரண்டுக்கும் இடையில் ஒரு நாள் வைத்து, அதற்குப் பத்து விழுக்காடு கழிப்பீர்கள் என்பதைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி மணி நேரத்தில் இணையம் துண்டிக்கப்பட்டவருக்குச் சுழியம் விழாது. சோம்பலால் தள்ளிப்போட்டவரும் இழப்பில்லாமல் தப்ப மாட்டார்.

பட்டதாரி, செந்தூல்:
பத்து விழுக்காடு என்றால் எனக்கும் சம்மதம், அக்கா. ஆனால் குழுப்பணியில் ஒருவர் பிந்தினால் நால்வருக்கும் கழிப்பதா? அதையும் பருவம் தொடங்குமுன் ஐயா தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.