பிஜிகே1, பிஜிகே2 ரெண்டும் ஒரே வேலைதானே, விந்தணுவுக்கு மட்டும் ஏன் தனி ஜீன்?

மீனா_விலங்கியல்:
எம்எஸ்சி செமினாருக்கு கிளைகாலிசிஸ் (குளுக்கோஸை உடைச்சு சக்தி எடுக்குற வழி) என்சைம்கள் எடுத்திருக்கேன். அதுல பாஸ்போகிளிசரேட் கைனேஸ், அதாவது பிஜிகேல ஒரு இடத்துல நிக்குறேன். பிஜிகே1 எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் வேலை செய்யுது. பிஜிகே2 ஆறாவது குரோமோசோம்ல, ஆனா விந்தணு உருவாகுற செல்கள்ல மட்டும்தான். ரெண்டு புரதமும் 417 அமினோ அமிலம், 87 சதவீதம் ஒண்ணுபோலவே இருக்கு. ஆனா ஜீன் படத்தை பக்கத்து பக்கத்துல வெச்சு பாத்தா முதல்ல 11 எக்ஸான் (புரதத்துக்கான எம்ஆர்என்ஏல நிக்குற துண்டு), ரெண்டாவதுல இன்ட்ரானே (நடுவுல வந்து வெட்டி எறியப்படுற துண்டு) கிடையாது, ஒரே துண்டா இருக்கு. ஏன் இப்படி?

ஜீன்பித்தன்:
இன்ட்ரான் இல்லாததுதாங்க துப்பே. இது ரெட்ரோஜீன். பிஜிகே1ல இருந்து வந்த எம்ஆர்என்ஏல (ஜீனோட செய்தி நகல்) இன்ட்ரான் எல்லாம் வெட்டிப் போனப்புறம் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்ங்கிற என்சைம் அதை மறுபடி டிஎன்ஏவா மாத்தி வேற குரோமோசோம்ல செருகிடுச்சு. இப்படி வர்ற காப்பிக்கு பொதுவா ப்ரமோட்டர் (ஜீனை ஆன் பண்ற டிஎன்ஏ பகுதி) கூட வராது, அதனால முக்கால்வாசி வேலை செய்யாத சூடோஜீனா செத்துக் கிடக்கும், பிஜிகே1க்கே அப்படி ஒண்ணு எக்ஸ்லயே இருக்கு, தேடிப் பாருங்க. பிஜிகே2 மட்டும் பொழச்சுக்கிச்சு. கங்காரு மாதிரி பைப்பாலூட்டிகள்லயும் இது இருக்கு, அப்போ எவ்ளோ பழசுன்னு பாத்துக்கோங்க.

பயோகெம்_செல்வி:
பொழச்சதுக்கு காரணம் இருக்கு மீனா. மியோசிஸ் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்குற செல் பிரிவு) நடக்கும்போது எக்ஸும் ஒய்யும் மொத்தமா அமைதியாயிடும், அதனால பிஜிகே1 நின்னுடும், அதுக்கப்புறமும் பாதி விந்தணுவுக்கு எக்ஸே கிடைக்காது, ஆனா வால் அடிச்சு நீந்த ஏடிபி (செல்லோட சக்தி மூலக்கூறு) வேணும்ல, அந்த நேரத்துக்கு ஆறாவது குரோமோசோம்ல இருக்குற காப்பிதான் கை கொடுக்குது. எலில பிஜிகே2வ எடுத்துட்டா விந்தணு உருவாகுது, ஆனா சரியா நீந்தாது. பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்சைமோட பிடிஹெச்ஏ1, பிடிஹெச்ஏ2 ஜீன் கதையும் இதேதான், மூலம் எக்ஸ்ல, இன்ட்ரான் இல்லாத காப்பி நாலாவது குரோமோசோம்ல.

குமரன்_லேப்:
எல்லாத்தையும் எக்ஸ் தலைல கட்டிடாதீங்க. லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்சைமோட எல்டிஹெச்ஏ, எல்டிஹெச்சி ஜீன் ரெண்டும் 11வது குரோமோசோம்ல பக்கத்து பக்கத்துல இருக்கு, இன்ட்ரானோட அப்படியே டூப்ளிகேட் ஆனது, அதுலயும் எல்டிஹெச்சி விந்தணுவுக்குத்தான். இன்னொரு கிளைகாலிசிஸ் என்சைமோட விந்தணு வடிவம் ஜிஏபிடிஹெச்எஸ் 19ல, அதோட சொந்தக்கார ஜீன் ஜிஏபிடிஹெச் 12ல, எக்ஸ் சம்பந்தமே இல்ல. ஆனா அந்த விந்தணு புரதத்தோட முன்பக்கம் புரோலின் நிறைஞ்ச ஒரு நீட்டம் இருக்கு, அதுதான் என்சைமை வாலோட உறைல பிடிச்சு வெச்சுக்குது. வேலை நடக்குற இடத்துலயே என்சைமை நிறுத்துறது, அது வேற தேவை. செமினார்ல இந்த வித்தியாசத்தை கட்டாயம் சொல்லணும், நிறைய பேர் இதை ஒண்ணா குழப்பிடுறாங்க.

மீனா_விலங்கியல்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னொண்ணு, பிஜிகே1 கெட்டுப்போன பசங்களுக்கு ரத்தசோகை, தசை பலவீனம் எல்லாம் வருதே, நல்ல பிஜிகே2 உள்ளயே இருந்தும் ஏன் உதவல?

பயோகெம்_செல்வி:
ஜீன் இருக்கு, ஆனா ரத்தத்துலயும் தசைலயும் அது ஆஃப்ல இருக்கும்மா. அதை ஆன் பண்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் (ஜீனை இயக்குற புரதம்) கூட்டணி விந்தணு செல்கள்லதான் ஒண்ணு சேருது.